நாங்கள் செய்யும் வெப் ஆப் ஏன் காலேஜ் புராஜெக்ட் மாதிரியே தெரிகிறது?

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு ஆர்டர், பாக்கி, வசூல் மூன்றையும் பார்த்துக்கொள்ளும் வெப் ஆப் செய்து தரப் போகிறீர்கள். நீங்களும் நண்பரும் இரண்டே பேர். பிஎச்பி நன்றாகத் தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு. பிரவுசருக்குள் ஓடும் ரியாக்டா, வியூவா, சர்வரில் ஓடும் பிஎச்பி கருவியான லாரவெலே போதுமா, திரைகளை வரைந்து பார்க்கும் ஃபிக்மாவும் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "இதுவரை செய்தது எல்லாமே காலேஜ் புராஜெக்ட் மாதிரியே தெரிகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். கருவியை மாற்றினால் அந்தக் குறை போய்விடுமா என்றுதான் உண்மையில் கேட்கிறீர்கள். போகாது. லாரவெலில் செய்தாலும் ரியாக்டில் செய்தாலும் அதே முகம்தான் வரும். ஏன் வருகிறது என்று முதலில் சொல்லிவிட்டுக் கருவிக்கு வருகிறேன்.

நான் 17 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் மண்டி, மில், கிளினிக், சீட்டு நடத்துகிறவர்கள் என்று ஐந்து பேர் முதல் இருநூறு பேர் வரை தினமும் புழங்குகிற செயலிகள். நான் சொல்வது அந்த அளவுக்குத்தான் பொருந்தும். லட்சக்கணக்கான பேர் வந்து போகிற ஷாப்பிங் தளத்துக்கு இதே கணக்கைப் போடாதீர்கள்.

காலேஜ் புராஜெக்டைப் பார்த்த உடனே எப்படிக் கண்டுபிடித்துவிடுகிறோம்? எல்லாம் ஒழுங்காக நடக்கிற ஒரே ஒரு நிமிடத்துக்காக அது செய்யப்பட்டிருக்கும். பட்டியலில் ஐந்து வரி, எல்லாப் பெயரும் ஒரே நீளம், தொகை எல்லாம் முழு நூறு. கடைக்காரர் முதல் நாள் திறக்கும்போது ஒரு வாடிக்கையாளர்கூட இருக்க மாட்டார். தலைப்பு வரிசை மட்டும் மொட்டையாக நிற்கும், அடுத்து எதை அழுத்துவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது வருடத்தில் 4,000 வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். நம் ஊர்க் கடைப் பெயர்கள் உங்களுக்கே தெரியும்: முன்னால் குலசாமி பெயர், நடுவில் "ரெடிமேட்ஸ் அண்ட் டெக்ஸ்டைல்ஸ்", பின்னால் ஊரும் தெருவும். அப்படி ஒரு பெயர் வந்து விழுந்ததும் பாக்கித் தொகை ஸ்கிரீனைவிட்டு வெளியே போய்விடும். ஒவ்வொரு திரைக்கும் ஐந்து முகம் உண்டு: ஒன்றுமே இல்லாதபோது, வந்துகொண்டிருக்கும்போது, வழக்கமான நாளில், அளவுக்கு மீறி நிறைந்தபோது, தப்பாகப் போனபோது. நாம் மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று கொடுத்துவிடுகிறோம். பெரிய கம்பெனி செயலிகளில் நீங்கள் பார்த்து வியக்கிற மெருகில் முக்கால்வாசி, மீதி நான்கு முகங்களுக்குச் செலவழித்த நேரம்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மொத்த வியாபாரிக்கு வசூல் செயலி செய்து கொடுத்திருந்தேன். லைன் போகிற பையன்கள் கடையில் பணம் வாங்கி, போனிலேயே ரசீது போடுவார்கள். மூன்றாவது வாரம் முதலாளி கூப்பிட்டார்: ஒரே கடைக்கு ஒரே தொகை இரண்டு ரசீது, அதுவும் ஒன்றிரண்டு இடத்தில் இல்லை. பையன் சேமி பட்டனை அழுத்தியிருக்கிறான், சிக்னல் இல்லை, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, மறுபடி அழுத்தியிருக்கிறான். முதல் தடவையே சர்வரில் பதிவாகிவிட்டது. "பதிவாகிவிட்டது" என்ற பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. அழுத்தியதும் பட்டனை முடக்கிவைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது, பக்கத்தை ரீலோட் செய்தால் பட்டனுக்கு மறுபடி உயிர் வந்துவிடும். அந்தப் படிவம் திறக்கும்போதே போனில் ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, ரசீது சேர்ந்தது என்று தெரிகிறவரை அதைப் போனிலேயே பத்திரப்படுத்தி, ரசீதோடு சேர்த்து அனுப்ப வேண்டும். டேட்டாபேஸில் அந்த எண் சேரும் பத்திக்கு, ஒரே எண்ணை இரண்டு தடவை ஏற்காத யுனீக் இன்டெக்ஸ் போட வேண்டும். அதே எண் இரண்டாம் தடவை வந்தால் புதிய ரசீது போடாமல், பழைய ரசீதையே பதிலாகத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாததால் நானும் அந்தக் கடைக் கணக்கரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேரேட்டைச் சரி பார்த்தோம். இதில் ஒரு வரிகூட 'டிசைன்' என்று யாரும் சொல்லும் விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பையனுக்கு அதன்பின் செயலிமேல் வந்த நம்பிக்கைதான், நீங்கள் மெருகு என்று சொல்வது.

காத்திருப்பு பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. செயலிகளைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993-இல் தொகுத்துச் சொன்ன மூன்று எல்லைகள் இன்றும் நிற்கின்றன: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் தானே கையால் நகர்த்தியது போலத் தோன்றும். 1 விநாடி வரை யோசனை அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். கூகுள் இன்று சொல்லும் அளவுகளும் இதை ஒட்டியே இருக்கின்றன: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், அழுத்தியதற்கு 200 மில்லி விநாடிக்குள் திரையில் ஏதாவது அசைய வேண்டும், அதுவும் வருகைகளில் 75 சதவீதத்துக்காவது. அந்த 200 கணக்கு 2024 மார்ச்சில்தான் பழைய அளவீட்டுக்குப் பதிலாக வந்தது. இதையெல்லாம் உங்கள் லேப்டாப்பில் அளந்து சந்தோஷப்படாதீர்கள். லைன் பையன் வைத்திருக்கிற போனைக் கடன் வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே வேகமாக இருந்தால் எங்கேயும் வேகம்தான்.

கண்ணுக்குத் தெரியும் அழகு பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை, ஏனென்றால் உங்கள் வேலைக்கு வேண்டியது கொஞ்சம்தான். இடைவெளிகளை 4, 8, 16, 24 பிக்சல் என்று நான்கைந்து அளவுக்குள் அடக்குங்கள். எழுத்தளவு நான்குக்கு மேல் வேண்டாம். நிறம் ஒன்று, அதுவும் முக்கியமான பட்டனுக்கு மட்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, நாசூக்காக இருக்கட்டும் என்று வெளிறிய சாம்பலில் எழுதுவது. வெள்ளைப் பின்னணியில் #999999 சாம்பல் 2.85-க்கு 1 என்ற வேறுபாடுதான் தரும்; பார்வை குறைந்தவர்களும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை விதி கேட்பது 4.5-க்கு 1. #767676 வரை போனால் விதிக்குள் வந்துவிடுவீர்கள். கடைக்கு வெளியே வெயிலில் நிற்பவனுக்கு அதுவும் போதாது, இன்னும் கருப்பாக்குங்கள். தொகைகளை வலப்பக்கம் ஒட்டி அடுக்குங்கள், எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் வரும்படி, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி உண்டு, அதைப் போடுங்கள். 1,234,567 என்று காட்டினால் முதலாளி புருவத்தைச் சுருக்குவார். 12,34,567 என்று வர வேண்டும். இதற்கு லைப்ரரி எதுவும் தேவையில்லை, பிரவுசரிலேயே இருக்கிற எண் வடிவமைப்பு வசதிக்கு இந்தியா என்று சொன்னால் அதுவே லட்சக் கணக்கில் காற்புள்ளி வைக்கும்.

தமிழில் செயலி வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைக் கடைசி வாரத்தில் 'மொழிபெயர்த்து ஒட்டிக்கொள்ளலாம்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் எல்லாம் ஆங்கில எழுத்தை நம்பி வரையப்பட்டவை. சின்னத் தலைப்புகளைப் பெரிய எழுத்தில் போட்டு வித்தியாசம் காட்டுவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. சாய்வெழுத்தில் போட்டு வித்தியாசம் காட்டுவார்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் சாய்வு வடிவம் கிடையாது, பிரவுசர் இருப்பதையே சாய்த்துத் தரும், பார்க்கச் சகிக்காது. அதனால் தமிழில் வித்தியாசம் காட்டத் தடிப்பும் இடைவெளியும்தான் மிச்சம். வரி உயரம் 1.2 என்று இருக்கும் இடத்தையெல்லாம் 1.5, 1.6 ஆக்குங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் 'மூ', 'கூ'வின் கால்கள் கீழ்வரிமேல் ஏறும், பட்டனுக்குள் வெட்டுப்படும். 'செட்டிங்ஸ்' இருந்த இடத்தில் 'அமைப்புகள்' வரும், 'கேன்சல்' இருந்த இடத்தில் 'ரத்து செய்' வரும். பட்டனின் அகலத்தை எண்ணால் பூட்டாதீர்கள்.

எழுத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இன்னும் சங்கடமானது. 'கிருஷ்ணமூர்த்தி' நம் கணக்கில் 8 எழுத்து; கணினிக்கு 15. பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று எல்லை வைத்தால், எந்தக் கணக்கில் வைக்கிறீர்கள் என்று யோசித்து வையுங்கள். பாக்கி நினைவூட்டலைத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால், ஆங்கிலத்தில் 160 இருந்த இடம் 70 ஆகச் சுருங்கிவிடும், அதுவும் கணினிக் கணக்கில் 70. இரண்டு வரி எழுதினாலே இரண்டு மூன்று மெசேஜுக்குக் காசு போகும். அடுத்தது தேடல். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு வேறு. 'கொங்கு' என்று தேடினால் பாதிக் கடைகள்தான் வரும், ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. அகர வரிசையும் அப்படித்தான்: யூனிகோடு எண்படி அடுக்கினால் 'ன' போய் 'ந'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில் உட்காரும். தமிழ் வரிசை என்று டேட்டாபேஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 'இது நம்ம ஆளு செய்த செயலி' என்று கடைக்காரருக்குத் தோன்ற வைப்பவை இவைதான்.

பதிவு செய்யும் பெட்டிகளுக்கு மூன்று குறிப்பு. ஐபோனில் பெட்டிக்குள் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால், தொட்டதும் பக்கம் பெரிதாகித் தடுமாறும்; 16-க்குக் குறைக்காதீர்கள். தொடும் இடத்துக்கு அணுகல்தன்மை விதி கேட்கும் குறைந்தபட்சம் 24 பிக்சல், ஆப்பிள் சொல்வது 44, கூகுள் சொல்வது 48. நான் 48 வைக்கிறேன், கட்டைவிரல்தானே. தொகைப் பெட்டிக்கு 'நம்பர்' வகையைப் போடாதீர்கள். கணக்கர் 12,500 என்று அடித்துவிட்டு, பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டுவார், அது சத்தமில்லாமல் 12,499 ஆகிவிடும். சாதாரண எழுத்துப் பெட்டியை வைத்து, எண் விசைப்பலகை மட்டும் வரட்டும் என்று சொல்கிற இன்புட்மோட் போடுங்கள். பிரிட்டன் அரசுத் தளங்களின் டிசைன் குழு 2020-இல் இப்படித்தான் மாறியது.

இப்போது கருவி. எனக்கு இதில் ஒரு பழைய காயம் இருப்பதால் கொஞ்சம் சாய்வாகப் பேசுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2014-இல் ஒரு மண்டிக்கு, பிரவுசரில் தெரியும் முன்பக்கத்துக்கு ஆங்குலர்ஜேஎஸ் என்ற கருவியை வைத்துச் செயலி செய்தேன். அன்று அதுதான் எல்லோர் வாயிலும். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயர் மட்டும் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. மண்டிக்காரருக்கு அரிசி மூட்டை கணக்கு மாறவே இல்லை, ஆனால் நான் முன்பக்கம் முழுவதையும் திருப்பி எழுத வேண்டியிருந்தது, அதற்கு அவரிடம் காசு கேட்க வாயும் வரவில்லை. அதே மண்டிச் செயலியில் சர்வரில் ஓடும் பின்பக்கம் பிஎச்பியும் டேட்டாபேஸும். அவை வெர்ஷன் ஏற்றியதோடு சரி, இன்றும் ஓடுகின்றன. வியூ 2-வின் ஆதரவும் 2023 டிசம்பரோடு நின்றது. ரியாக்டைத் தொடங்க எல்லாப் பாடத்திலும் சொல்லித்தந்த கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். முன்பக்கக் கருவிகள் சீக்கிரம் மூப்படைகின்றன என்பது உறுதி. இப்போது இருப்பதில் எது 2030-இல் நிற்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் சொந்த விருப்பத்தைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் இருவருக்கும் என் பதில்: லாரவெல். பக்கத்தைச் சர்வரிலேயே தயாரித்து எச்டிஎம்எல்லாக அனுப்புங்கள். லாரவெல் 2011-இல் வந்தது, ஆவணங்கள் நன்றாக இருக்கின்றன, லாகின், அனுமதி, வரிசையில் நிற்கும் வேலைகள், மெயில் எல்லாம் கூடவே வருகின்றன. பக்கம் முழுவதும் மாறாமல் ஒரு துண்டு மட்டும் மாற வேண்டிய இடங்களுக்கு லைவ்வயர் அல்லது எச்டிஎம்எக்ஸ் போதும். பைத்தான் தெரிந்தவர்கள் கேட்டிருந்தால் ஜாங்கோ என்றிருப்பேன். 2005-இல் அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வந்தது அது, பட்டியலும் படிவமுமாக இருக்கும் வேலைக்கு அதுவும் கெட்டி. இரண்டில் எது சிறந்தது என்ற சண்டைக்குள் போகாதீர்கள், உங்களுக்கு எது கை பழகியதோ அதுதான்.

ரியாக்ட் தேவையே இல்லையா? உண்டு, இடம் வேறு. எக்செல் மாதிரி ஒரே திரையில் நூறு கட்டங்களை மாற்றி மாற்றி எழுதுவது, படம் வரைவது, இழுத்துப் போடுவது, சிக்னல் இல்லாமலேயே அரை நாள் வேலை செய்துவிட்டு மாலையில் சேர்ப்பது இவற்றுக்கெல்லாம் எது எப்படி மாறியிருக்கிறது என்ற நிலைமையைப் பிரவுசருக்குள்ளேயே வைத்துப் பராமரிக்க வேண்டும். அங்கே 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்டும் அதற்கு அடுத்த வருடம் வந்த வியூவும் தங்கள் கூலியைச் சம்பாதிக்கும். உங்கள் செயலியில் அப்படி ஒரே ஒரு இடம்தான் எனக்குத் தெரிகிறது: லைன் பையன் சிக்னல் இல்லாத ஊரில் ஆர்டர் எடுப்பது. அந்த ஒரு திரைக்கு மட்டும் வியூவை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை சர்வரிலேயே இருக்கட்டும். ஆனால் ஆஃப்லைன் உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் ஒரு நாள் அந்தப் பையனோடு வண்டியில் போய்ப் பாருங்கள். நான் இரண்டு தடவை ஆஃப்லைன் செய்து கொடுத்தேன். ஒரு இடத்தில் அது உயிர்நாடி, இன்னொரு இடத்தில் ஒருவர்கூடத் தொடவில்லை. வேலை தேடுவதற்காக ரியாக்ட் கற்பது வேறு விஷயம், அது நியாயமான காரணம்தான். அதை வீட்டில் ஒரு சின்னச் செயலி செய்து பழகுங்கள், கடைக்காரர் செலவில் வேண்டாம்.

சிஎஸ்எஸ்ஸுக்கு பூட்ஸ்ட்ராப், டெயில்விண்ட் என்ற தயார்நிலைத் தொகுப்புகளில் எதுவானாலும் சரி. 2011-இலிருந்து பூட்ஸ்ட்ராப் பார்த்துப் பார்த்து மக்களுக்குச் சலித்துவிட்டது, அதன் நீலப் பட்டனை அப்படியே விட்டால் காலேஜ் புராஜெக்ட் வாசனை வரும் என்பது உண்மை. நிறத்தையும் முனை வளைவையும் எழுத்துருவையும் மாற்றினாலே பாதி போய்விடும். லைப்ரரிகளை எண்ணி எண்ணிச் சேருங்கள். 2016 மார்ச்சில் ஒருவர் தன் 11 வரி நிரலை, ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள் எல்லோருக்கும் கிடைக்கும் என்பிஎம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டதால் உலகம் முழுக்க எத்தனையோ புராஜெக்டுகள் பில்டு ஆகாமல் நின்றன. மிதக்கும் பெட்டிக்கு டயலாக் என்ற டேக் 2022 மார்ச்சிலிருந்து எல்லா முக்கியப் பிரவுசரிலும் இருக்கிறது. அதற்கும் லைப்ரரி தேடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் அல்லது மைஎஸ்கியூஎல், பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். ஃப்ளோட் என்ற தோராய தசம வகையில் வைத்தால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.30000000000000004 என்று கணினி சொல்லும், கணக்கர் அதை ஏற்க மாட்டார். தினமும் பேக்கப் எடுங்கள், மாதம் ஒரு தடவை அதை வேறு இடத்தில் திறந்தும் பாருங்கள்.

ஃபிக்மா: இந்த வேலைக்கு இப்போது வேண்டாம். அதில் வரைந்தால் மறுபடியும் அந்த மூன்றாவது முகத்தைத்தான் வரைவீர்கள், பெயரெல்லாம் ஒரே நீளத்தில். அதற்குப் பதிலாகக் கடைக்காரரிடம் போன வருட பில் புத்தகம் ஒன்றை வாங்கி, அதிலிருக்கும் 200 பில்லை, அடித்தல் திருத்தலோடு, முதல் வாரமே டேட்டாபேஸில் ஏற்றுங்கள். திரையைப் பேப்பரில் பென்சிலால் கிறுக்கி, நேராக எச்டிஎம்எல்லில் அந்த 200 பில்லோடு செய்து பாருங்கள். அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது எந்தப் பத்தியை அவர் முதலில் பார்க்கிறார், எதைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார் என்று கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் முகப்புத் திரையில் எது பெரிதாக இருக்க வேண்டும் என்பது அங்கேயே இருக்கும்.